கண்ணாடிக்குக் கால் கட்டியது

புத்தூரில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களில் நிறையப் பேர் தாமாக இறங்கமாட்டார்கள். யாராவது தூக்கி இறக்குவார்கள். கையோ காலோ ஒடிந்து, பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி வருகிற அவர்களுக்காகவே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிகள் காத்துக்கிடக்கும். அங்கிருந்து எலும்புக்குக் கட்டுப் போடுகிற ஊருக்குப் போகும் மண்சாலையில் இருந்தது தாட்சாயணியின் சாப்பாட்டுக் கடை. கடை என்றால் பலகையோ கல்லாவோ கிடையாது. வீடுதான். முன்கூடத்தில் பாய் போட்டு இலை விரிப்பாள். காலையில் கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைத் துவையலும், மத்தியானம் சோறும் புளிச்சகீரைக் கடைசலும். எலும்பு கூடவேண்டியவன் வயிறு காயக்கூடாது என்பது அவள் கட்சி. அதனால் கேட்காதவர்கள் இலையிலும் ஒரு முட்டை விழும்.

அவள் புருஷன் சம்பத், கொல்லையில் வேர்க்கடலை போட்ட நேரம் போக, கட்டுப் போடுகிறவர்களுக்கு மூங்கில் பத்தை சீவிக் கொடுத்தான். ஒடிந்த இடத்தில் பச்சிலை வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் நனைத்த துணியைச் சுற்றி, மேலே இந்தப் பத்தைகளை வரிசையாக வைத்து இறுக்குவார்கள். காய்ந்தால் கல் மாதிரி நிற்கும். கை சுத்தமான வேலைக்காரன் என்று சம்பத்துக்குப் பேர். வாய் சுத்தம் கொஞ்சம் குறைவு.

அந்த வாயால்தான் வந்தது வினை. தாட்சாயணியின் அண்ணன் வெங்கடரமணன் திருத்தணிப் பக்கத்துக்காரர். திருத்தணியை மெட்ராஸோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலம் போய், கோஷம் போட்டுத் தொண்டை கட்டி, அப்படியே தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தார் ஒரு நாள். இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"இன்னா மாப்ளே, நீங்கல்லாம் வாய மூடிக்கினு குந்திகினு இருந்தா புத்தூரு நம்ம பக்கம் வந்துடுமா?"

"எந்தப் பக்கம் போனா இன்னா மச்சான்? தமிழ்க்காரன் எலும்பும் ஒடியுது, தெலுங்குக்காரன் எலும்பும் ஒடியுது. நீ கோடு போட்டா இங்க களி வெந்துடுமா?"

பாதிச் சாப்பாட்டில் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார் வெங்கடரமணன். "இனிமே உன் வூட்டுப் படி ஏறினா நான் மனுசனே இல்ல" என்றார். "உங்கிட்ட வாயத் தொறந்து பேசினா என் பேரு சம்பத்தே இல்ல" என்றான் இவன். தாட்சாயணி குழம்புச் சட்டியோடு நடுவில் நின்றாள்.

அப்புறம் டில்லியிலும் மெட்ராஸிலும் ஐதராபாத்திலும் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. இரண்டு ராஜ்யங்களும் சமாதானம் ஆகிவிட்டன. இந்த இரண்டு ஆம்பிளைகள் மட்டும் ஆகவில்லை. தாட்சாயணியின் மகள் கங்கம்மா ஓடி விளையாடுகிற வயசாகியும் காது மூளியாகவே திரிந்தாள். தாய்மாமன் மடியில் உட்காராமல் எந்தக் குழந்தைக்குக் காது குத்துவார்கள்? பார்க்கிற பெண்டுகளெல்லாம் குழந்தையின் காதைப் பார்த்துவிட்டுத் தாட்சாயணியின் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணன் ஒருமுறை இந்தப் படி ஏறிவிட்டால் போதும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

இந்தக் கவலைக்கு நடுவில்தான் கண்ணாடி வந்து சேர்ந்தது.

காலில் கட்டோடு வருகிறவர்களால் சம்மணம் போட முடியாது. காலை நீட்டி உட்கார்ந்தால் இலை எட்டாது. கடைசல் மடியில் ஒழுகும். நடக்கிறவர்கள் காலை மிதிப்பார்கள். மெட்ராஸில் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர், தன் தாயாருக்குக் கட்டு அவிழ்கிறவரைக்கும் தாட்சாயணி கையால் சாப்பிட்டுவிட்டு, போகும்போது சொன்னார்.

"அக்கா, ஒரு மேசை போடுங்க. காலை நீட்டிக்கிட்டு பெஞ்சுல உக்காந்து சாப்பிடுவாங்க. மேல்பலகை நான் அனுப்பறேன். நல்ல கனமான கண்ணாடி. துடைச்சா போதும், குழம்புக் கறை பிடிக்காது. அளவு மட்டும் சொல்லி அனுப்புங்க."

சம்பத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. வருஷக்கணக்காகப் பரணில் காய்ந்துகொண்டிருந்த வேப்பஞ்சட்டத்தை இறக்கினான். நாலு கால், சுற்றிலும் சட்டம், சட்டத்தின் உள்விளிம்பில் கண்ணாடி உட்கார ஒரு காடி என்று இழைத்து இழைத்து வைத்தான். கண்ணாடி வைக்கோலில் பொதிந்து ரயிலில் வந்தது. ஜட்காக்கார நாகையா அதைக் கைக்குழந்தை மாதிரி கொண்டுவந்து இறக்கினான். புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சட்டத்தின் மேல் வைத்தார்கள்.

"இன்னாங்க, குந்தமாட்டுது?"

"குந்தும், குந்தும். ரவ அமுக்கு."

"அமுக்கறதுக்கு இது இன்னா இட்லி மாவா? ஒரு விரல் பெருசா கீது, பாருங்க. அந்தப் பக்கமும் ஒரு விரல். நீங்கதான அளவு சொல்லி அனுப்ச்சீங்க?"

"ஒயுங்காத்தான் சொன்னேன். மேல ஒரு விரல் கூட்டிச் சொன்னேன்."

"எதுக்குக் கூட்டணும்?"

"எதுக்குன்னா? எப்பவும் கூட்டித்தான் சொல்றது. பத்தை கொறஞ்சா பாழு. கூடினா சீவிக்கலாம்."

"அப்ப சீவுங்க" என்றாள் தாட்சாயணி.

சம்பத் கையிலிருந்த சீவுளியைப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பத்தை சீவிய கை, பாவம், வேறு எப்படி அளவு சொல்லும்? நாகையா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். பொழுது சாய்வதற்குள் சாலை முழுக்கச் சிரித்தது.

புதுச் சட்டம் அறுக்கலாம் என்றால் காய்ந்த மரம் இல்லை. பச்சை மரம் ஐப்பசி மழையில் காயாது. அதனால் கண்ணாடி கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. கங்கம்மா அதில் மூக்கை நசுக்கி நசுக்கி விளையாடினாள். பெட்டைக்கோழி ஒன்று அதற்குப் பின்னால் கிடந்த தானியத்தைக் கொத்தப்போய் அலகை இடித்துக்கொண்டது. சம்பத் அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் நாகையாவின் ஜட்கா வாசலில் வந்து நின்றது. தாட்சாயணி எட்டிப் பார்த்தாள். உள்ளே வைக்கோல் மேல் காலை நீட்டிக்கொண்டு கிடந்தவர் அவள் அண்ணன்.

கிணற்றுப் படியில் பாசி வழுக்கி முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டதாம். காலையில் ரயிலேறி வந்து கட்டும் போட்டாயிற்று. கட்டுப் போட்டவர் "கதலொத்து, கதலொத்து" என்று தெலுங்கில் அசையாதே அசையாதே என அதட்டி, அப்படியே பிடித்துக் கட்டினாராம். கட்டு அவிழ்கிறவரைக்கும் ரயிலில் குலுங்கக்கூடாது, பக்கத்திலேயே இரு என்று சொல்லிவிட்டாராம். நாகையா இவரை வேறெங்கும் கொண்டுபோக மனசில்லாமல் நேரே இங்கே ஓட்டி வந்துவிட்டான்.

"நான் எறங்கமாட்டேன். வேற எங்கனா உடுடா நாகையா."

சம்பத் படிமேல் நின்றபடி ஆகாசத்தைப் பார்த்துச் சொன்னான். "மெட்ராஸ்காரருக்கு மெட்ராஸ்ல கால் கட்ட ஆள் கெடைக்கலியாமா, கேளு தாட்சா."

"பத்தைய மொத்த மொத்தமா சீவறவனுக்கெல்லாம் பதில் சொல்ல முடியாதுன்னு சொல்லு. முட்டியில குத்துது."

"மழைல நனைஞ்சிகினு உங்க ரெண்டு பேருக்கும் நான் தூது போவணுமா?" தாட்சாயணிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஏண்ணா, படி ஏறமாட்டேன்னுதான சொன்ன? ஏற வேணாம். இந்தக் காலால நீ எப்டி ஏறுவ? தூக்கினு வரட்டும். நீ சொன்ன சொல்லு அப்டியே இருக்கட்டும்."

வெங்கடரமணன் யோசித்தார். மழைத்தண்ணி கட்டில் விழுந்துகொண்டிருந்தது. "தூக்கறதுன்னா... அது ஏறனதா ஆவாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். நாகையா ஒரு பக்கம் கைகொடுக்க, வாயைத் திறக்காமல் வந்து இன்னொரு பக்கம் பிடித்துத் தூக்கினான் சம்பத். கயிற்றுக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆள் உள்ளே வந்துவிட்டாரே என்று தாட்சாயணிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் தூக்கிவந்த மூட்டைக்கும் ஏறிவந்த அண்ணனுக்கும் வித்தியாசம் இல்லையா?

பேச்சு அப்படியேதான் போயிற்று. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் அவள் வழியாகவே பேசினார்கள். "வெத்தல வேணுமான்னு கேளு." "வேணான்னு சொல்லு." அவள் களத்துமேட்டில் இருந்தால் வெற்றிலைக்குக்கூட வழியில்லை. கங்கம்மாவுக்கு மட்டும் கொண்டாட்டம். மாமன் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. கதை கேட்டால் எங்கேயும் ஓட முடியாது. விளையாட்டில் அவள் கட்டுக் காலில் போய் முட்டிக்கொள்வதும், அவர் "அய்யோ" என்று அலறுவதும், தாட்சாயணி அடுப்படியிலிருந்து ஓடிவருவதும் தினப்படி ஆயிற்று.

ஒரு காலையில் களி உருண்டையைத் துவையலில் தோய்த்தபடி வெங்கடரமணன் சுவரில் சாய்ந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ தாட்சா, உன் வூட்டுக்காரரு கண்ணாடிய மரத்துக்குள்ள வெக்கப் பாக்கறாரு. என் கால மரத்துக்குள்ளயா வெச்சாங்க? கால் மேலதான மரத்த வெச்சுக் கட்னாங்க? கண்ணாடிக்கும் அப்டியே கட்டச் சொல்லு."

மூலையில் பத்தை சீவிக்கொண்டிருந்த சம்பத் தலையைத் தூக்கவில்லை. "கண்ணாடி இன்னா ஒடிஞ்சா பூட்ச்சு, கட்டு போடறதுக்குன்னு கேளு."

"ஒடியறதுக்கு முன்னாலயே போடச் சொல்லு."

சம்பத்தின் சீவுகிற கை நின்றுவிட்டது. எழுந்துபோய்க் கண்ணாடியின் மூலையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பார்த்தான். தாட்சாயணி அதைக் கவனித்துவிட்டுக் கவனிக்காததுபோல் அடுப்பை ஊதினாள்.

மறுநாள் அவ்வளவு ஆசையாக இழைத்த சட்டத்தை அவனே பிரித்தான். நாலு கால்களின் தலையிலும் ரம்பத்தால் வாய் பிளந்தான். கண்ணாடியின் மூலை அந்த வாய்க்குள் நுழையவேண்டும். மரமும் கண்ணாடியும் நேரே உரசாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே வைத்தான். கண்ணாடியை அடியில் தாங்க நீளவாக்கில் இரண்டு சட்டம். சட்டம் காலோடு சேருகிற இடத்தில் மூங்கில் முளை. முளை மட்டும் போதாது, கால் விரிந்துகொடுத்தால் கண்ணாடி வாயைவிட்டு நழுவும். அதற்குத்தான் கட்டு. வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்து, துணிநாடாவை நனைத்து, இணைப்பு ஒவ்வொன்றிலும் சுற்றவேண்டும்.

"ஊர்ல ஒடிஞ்சவனுக்கு வெச்ச முட்டயெல்லாம் மேசைக்கு ஊத்தறீங்களே" என்றாள் தாட்சாயணி.

"மேசைக்கும் கால்தானடி" என்றான் சம்பத்.

கண்ணாடியைக் கிடத்திவைத்து வேலை செய்ய முடியாது. விரிப்பின்மேல் பக்கவாட்டில் நிறுத்தி, ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, மேலே வருகிற இரண்டு மூலைகளில் கால்களை மாட்டவேண்டும். அப்புறம் புரட்டி மற்ற இரண்டு. பிடித்துக்கொள்ள யார்? தாட்சாயணிக்குக் களி கிண்டுகிற நேரம். நாகையா சவாரி போயிருந்தான். வெங்கடரமணன் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்துவந்து, கட்டுக்காலை ஒரு மூட்டைமேல் நீட்டிக்கொண்டு, கையை நீட்டினார். சம்பத் கண்ணாடியை அந்தக் கைகளில் சாய்த்தான்.

முதல் இரண்டு கால் சத்தமில்லாமல் ஏறிவிட்டது. சட்டம் நுழைந்தது, முளை இறங்கியது, நாடா சுற்றியது. வெங்கடரமணன் இங்கே கொஞ்சம் சாய்த்துக் கொடுப்பார். சம்பத் அங்கே கொஞ்சம் தட்டுவான். அதற்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. புரட்டுகிறபோதுதான் தரையில் சிந்தியிருந்த வெள்ளைக்கருவில் சம்பத்தின் கால் வழுக்கியது. ஒரு முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். கண்ணாடி முழுக்க அண்ணன் மார்மேல் சாய்ந்தது.

"கதலொத்து!" என்று அலறினார் வெங்கடரமணன். "மாப்ளே, கதலொத்து! கதலொத்து!"

அடுப்படியில் தாட்சாயணியின் கையில் களித்துடுப்பு அப்படியே நின்றது.

கூடத்திலிருந்து சம்பத்தின் குரல் வந்தது. "கதலல மச்சான். நீ புடிச்சிக்கினியா?"

"புடிச்சிக்கினேன். இன்னொரு முட்டியயும் ஊனு. ரவ ரவயா எய்ந்திரு. கண்ணாடியத் தொடாத, என் கையில கீது. நீ எய்ந்துக்கோ மொதல்ல."

"உன் காலு?"

"காலு இன்னாத்துக்கு இப்ப? கண்ணாடியப் பாரு."

சம்பத் எழுந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டான். கண்ணாடி நிமிர்ந்தது. இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறெங்கேயும் பார்க்க வழியில்லை.

"ராஜ்யம் மாறினாலும் பயம் வந்தா உனுக்குத் தெலுங்குதான் வருது, இல்ல மச்சான்?"

"உனுக்குப் புரியணுமேன்னு சொன்னேன்யா."

தாட்சாயணி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. அன்றைக்குக் களி அடிபிடித்துப்போயிற்று. தின்றவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது.

வெயில் எட்டிப்பார்த்த நாளில் கட்டு காய்ந்து இறுகியது. மேசையைக் கூடத்து நடுவில் நிறுத்தினார்கள். சம்பத் ஒரு மூலையை அமுக்கினான், இன்னொரு மூலையைக் குலுக்கினான். அசையவில்லை. நாலு காலிலும் வெள்ளைக் கட்டோடு அது நின்ற கோலத்தைப் பார்த்து, "இதுவும் ரயில்ல வந்து எறங்கினுதா?" என்றான் நாகையா.

குப்பத்திலிருந்து கால் ஒடிந்த மகனோடு வந்திருந்த வெங்கடம்மாதான் முதலில் முகத்தைச் சுளித்தாள். "அய்ய, இன்னாம்மா இது, சோத்துக்கு அடியில காலு தெரியுது? நானு துன்னமாட்டேன்."

சம்பத்தின் முகம் விழுந்துவிட்டது. அதை யாருமே யோசித்திருக்கவில்லை. மேலே ஒரு துணி விரித்துவிடலாமா என்று தாட்சாயணி பார்த்துக்கொண்டிருந்தபோதே கங்கம்மா கோழியைத் துரத்திக்கொண்டு வேகமாக வந்தாள். வழக்கமாக முட்டுகிறவள், மேசை ஓரத்தில் சட்டென்று நின்றாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமனின் கட்டுக்கால் கண்ணாடிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சுற்றிக்கொண்டு மறுபக்கமாய் ஓடினாள்.

"துணியெல்லாம் போடாத தாட்சா" என்றார் வெங்கடரமணன். "என் காலு எங்க கீதுன்னு எனுக்கும் தெரியுது, வர்றவனுக்கும் தெரியுது. இத்தன நாள்ல இன்னிக்கித்தான் பயமில்லாம துன்றேன்."

வெங்கடம்மா மகனைக் கொண்டுவந்து அவருக்கு எதிரே உட்காரவைத்தாள். தான் மட்டும் தரையில் இலை போட்டுக்கொண்டாள்.

கார்த்திகை பிறந்ததும் காது குத்த நாள் பார்த்தார்கள். வந்த ஆசாரி மணைப்பலகையைக் கிழக்கே பார்த்துப் போட்டுவிட்டு, "மாமன் வந்து குந்தணும்" என்றார். கட்டுக் காலோடு மாமன் எங்கே பலகையில் குந்துவது?

"மடிதான ஆசாரி வேணும்? தரையா வேணும்?" என்றான் சம்பத்.

பெஞ்சிலேயே நடந்தது. வெங்கடரமணன் நல்ல தொடையில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டார். முன்னால் மேசைமேல் தாம்பாளத்தில் பச்சரிசியும் வெல்லமும் அவர் வாங்கிவரச் சொன்ன கம்மலும். ஊசி பட்டதும் கங்கம்மா வீறிட்டுக்கொண்டு இரண்டு காலாலும் மேசையை உதைத்தாள். தாம்பாளம் சறுக்கியது. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் பாய்ந்து கண்ணாடியைப் பிடித்தார்கள்.

"கொயந்தயப் புடிங்க!" என்று கத்தினாள் தாட்சாயணி. "கண்ணாடி எங்கயும் போவாது!"

போகவில்லைதான். ஒரு முடி அளவுகூட அசையவில்லை. இரண்டு ஆம்பிளைகளும் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டே குழந்தையின் வாயில் வெல்லத்தைத் திணித்தார்கள்.

மழை ஓய்ந்து, கடைசிக் கட்டையும் அவிழ்த்தாயிற்று. வெங்கடரமணன் சம்பத் சீவிக் கொடுத்த மூங்கில் தடியை ஊன்றிக் கூடத்தில் நடந்து பழகினார். ஊருக்குப் புறப்படுகிற அன்று நாகையாவின் ஜட்கா வாசலில் நின்றது. யாரையும் தொடவிடாமல் தானே மெதுவாகப் படி இறங்கினார். தாட்சாயணிக்கு மனசு நிறைந்துதான் இருந்தது. காது குத்தியாயிற்று, பேச்சும் வந்துவிட்டது. ஆனாலும் அண்ணன் படி இறங்கித்தான் போகிறார், ஏறி வரவில்லையே என்று உள்ளே ஒரு மூலையில் உறுத்தியது. இனி அடுத்த முறை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஜட்காவில் கைவைத்தவர் நின்றார்.

"துண்ட உள்ளயே மறந்துட்டேன்."

"இரு மச்சான், நான் எட்தாறேன்" என்று திரும்பினான் சம்பத்.

"நீ நில்லு. நானே போறேன்."

தடியைப் படியில் ஊன்றினார். நல்ல காலை வைத்தார். ஒடிந்து கூடின காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். இன்னொரு படி. மூச்சு வாங்கியது. வாசலைத் தாண்டிக் கூடத்துக்குப் போய், மேசைமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

துண்டு அவர் தோளில்தான் கிடந்தது. தாட்சாயணி பார்த்தாள். சம்பத்தும் பார்த்தான். நாகையா குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கங்கம்மா மட்டும் விரலை நீட்டி என்னவோ சொல்ல வாயெடுத்தாள்; தாட்சாயணி அந்த வாயைப் பொத்தித் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"கெடச்சுதாண்ணா?" என்று கேட்டாள்.

"கெடச்சுதும்மா" என்றார் அவர்.